அத்தை போட்ட ஊசி

"அத்தை, கண்ணைத் திறந்துகிட்டுக் குத்துங்க," என்றாள் கெசியா.

ரத்தினபாய் கண்ணைத் திறந்தார். கெசியாவின் தொப்புளுக்குப் பக்கத்தில் சதையை மெல்லப் பிடித்து ஊசியை இறக்கினார். தபால் ஆபீசில் ஓய்வுபெறும்வரை முத்திரை குத்திய கை, அந்த முதல் நாள் ஊசியை மெல்ல மெல்லத்தான் அழுத்தியது. ஊசியைக் கண்டாலே ஆபேலுக்குத் தலை சுற்றும். மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் பால்கனியில் நின்றுகொண்டு, முடிந்துவிட்டதா என்று கேட்டபடி இருந்தான்.

கெசியாவுக்குக் கருக்குழாய் இரண்டிலும் அடைப்பு. முட்டைகளை வெளியே எடுத்து, ஆபேலின் உயிரணுவோடு சேர்த்துக் கருவாக்கி, மறுபடி கருப்பையில் வைக்கலாம் என்று தாம்பரத்து டாக்டரம்மா படம் வரைந்து விளக்கியிருந்தார். அன்று அதிகம் கேள்வி கேட்டது ரத்தினபாய்தான். முட்டைகள் வளர தினமும் ஊசி வேண்டும் என்றதும், தானே போடுவதாகச் சொல்லிவிட்டார். அதற்காக மாடம்பாக்கத்திலிருந்து மேடவாக்கத்துக்கு, அந்த நெரிசலில், சாயங்காலம் தவறாமல் வந்து போனார்.

சர்ச்சில் ஒரு அம்மாள், குறை பெண்ணிடம் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று இழுத்தாள்.

"பார்வை மங்கினா கண்ணாடி போடுறோம். யாராவது குறை சொல்றோமா? இதுவும் வைத்தியம்தான்," என்றார் ரத்தினபாய்.

முதல் முறை கரு தங்கவில்லை. கெசியா சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஆபேல் வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். ரத்தினபாய் மீன் குழம்பு வைத்து, சோறு பிசைந்து எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேணாம்னா இதோட விட்டுடலாம். யாருக்காகவும் நீ இதைச் செய்ய வேணாம். உனக்கு வேணும்னா, நான் இருக்கேன்."

கெசியா எழுந்து சாப்பிட்டாள். சில மாதம் கழித்து, இன்னொரு தடவை பார்ப்போம் என்று அவளே சொன்னாள்.

இரண்டாம் முறைக்கான ரத்தப் பரிசோதனை முடிவு வரும் காலையில், மருத்துவமனையில் பக்கத்து நாற்காலியில் கீழ்க்கட்டளை ஷாயிஸ்தா இருந்தாள். அவளும் சிகிச்சைக்கு வருபவள். எப்போதும் தனியாகவே வருவாள். கெசியாவை உள்ளே கூப்பிட்டதும், அவள் ரத்தினபாயிடம் மனம் விட்டுப் பேசினாள். தான் இங்கே வருவதே மாமியாருக்குத் தெரியாதாம். "உங்களுக்குச் சொந்தப் பேரப்பிள்ளை, அதான் ஆசையா ஓடி வர்றீங்க. இருந்தாலும் எல்லாரும் இப்படி வந்துடுவாங்களா ஆன்ட்டி," என்றாள். ரத்தினபாய் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

கதவு திறந்தது. கெசியா வெளியே வந்தாள். ஆமாம் என்று தலையைப் பலமாக ஆட்டினாள். ரத்தினபாய் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். வண்டியை நிறுத்திவிட்டு அப்போதுதான் மேலே வந்த ஆபேல், விஷயம் கேட்டு அப்படியே படியில் உட்கார்ந்து அழவும் சிரிக்கவும் செய்தான். நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது.

ஷாயிஸ்தாவுக்கும் கண் கலங்கிவிட்டது. "உங்க மகனைப் பாருங்க ஆன்ட்டி, சின்னக் குழந்தை மாதிரி அழுறாரு," என்றாள்.

"ஆபேல் என் மகன் இல்லம்மா," என்றார் ரத்தினபாய், முந்தானையால் முகத்தைத் துடைத்துச் சிரித்தபடி. "என் மகன் ஸ்டெபின் கெசியாவைக் கட்டின வருஷமே விபத்துல போயிட்டான், அப்புறம் ஆபேலைத் தேடிப் பிடிச்சு இவளுக்குக் கட்டி வச்சதே நான்தான்."