நூற்று மூன்று டிகிரி

வலங்கைமானில் கோவிந்தராசுவின் பழைய அம்பாசடருக்கு மெக்கானிக் செழியன் ஆயில் பிரஷர் மீட்டரும் டெம்பரேச்சர் மீட்டரும் பொருத்தினார். மார்கழிக் காலை, வண்டியை இன்னும் கிளப்பவில்லை. ஆயில் முள் பூஜ்யத்தில் இருந்தது. வெப்ப முள் நூற்று மூன்றில் நின்றது.

"வண்டிக்குக் காய்ச்சலாண்ணே?"

கோவிந்தராசு சிரிக்கவில்லை. "வீட்டுக்குள்ள பாப்பாவுக்கும் காய்ச்சல் நூத்தி மூணுதாங்க."

ஈரத்துணி போட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. செழியன் மாரியம்மனை நினைத்துக்கொண்டு ஒரு துணியை நனைத்து இன்ஜின்மேல் போட்டார். முள் இறங்கியது. அது தொண்ணூற்றெட்டுக்கு வந்தபோது வீட்டுக்குள்ளிருந்து கோவிந்தராசுவின் மனைவி மங்களாம்பிகை கூவினாள்: "பாப்பாவுக்கு வேர்த்துடுச்சுங்க!"

முள் நிற்கவில்லை. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறு. செழியன் துணியை எடுத்தெறிந்தார். உள்ளங்கைகளைச் சூடு பறக்கத் தேய்த்து இன்ஜின்மேல் வைத்தார். தொண்ணூற்றைந்தில் முள் நின்றது.

கோவிந்தராசு மகிழ்ச்சியோடு காபி கொண்டுவந்து நீட்டினார்.

"வாயில ஊத்திவிடுங்கண்ணே," என்றார் செழியன். "கைய எடுக்க முடியாது."