குறடு கேட்ட ஒரு நிமிஷம்

தையல்காரரின் மேசைமேல் ஒரு நீல ஜாக்கெட் வந்து விழுந்தது. பன்னிரண்டு மழைக்காலம் ஒரே ஆளின் நெஞ்சை மூடிக் காத்த ஜாக்கெட் அது. இப்போது ஜிப்பை மேலே இழுத்தால், இழுக்க இழுக்கக் கீழே பிளந்துகொண்டது.

“எல்லாம் இந்தப் பல்லுங்களாலதான்,” என்றது ஜிப்பில் மேலும் கீழும் ஓடும் ரன்னர். “நான் ஒழுங்காத்தான் ஓடுறேன். இதுங்களுக்கு ஒண்ணையொண்ணு பிடிக்கத் துப்பில்லை. மொத்தமா மாத்திடுங்க.”

ஆணியில் தொங்கிய புது ஜிப் பளபளவென்று சிரித்தது. கத்தரி வாயைத் திறந்தது.

“ஒரு நிமிஷம்,” என்றது மேசையோரம் கிடந்த குறடு. கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தது. ஒன்றுகூட விழவில்லை, வளையவில்லை. ரன்னரின் வாய்தான் தேய்ந்து அகன்றிருந்தது.

“தம்பி, கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்க.”

இந்தப் பக்கம் ஓர் அழுத்து, அந்தப் பக்கம் ஓர் அழுத்து. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ரன்னர் மேலே ஏறியது. அதன் பின்னாலேயே பற்கள் ஒன்றுவிடாமல் கைகோத்துக்கொண்டு கழுத்துவரை வந்தன. ரன்னர் திரும்பிப் பார்த்தது.

“நல்லாத்தான் இருந்திருக்குதுங்க,” என்றது மெதுவாக.

கத்தரி வாயை மூடிக்கொண்டது. புது ஜிப் வெகுநேரம் அந்த ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

“குறட்டண்ணே,” என்றது கடைசியில். “என்னிக்காவது நானும் இப்படிப் பிளந்துக்கிட்டா, கத்தரி வர்றதுக்குள்ள நீங்க வந்துடுங்க.”