சரணாலயத்துக்குள் பெண் பார்த்தல்

காலை ஆறு பத்துக்குச் சதுப்புநிலச் சரணாலயத்தின் அன்றைய எல்லை அறிவிக்கப்பட்டது. பறவைகள் தங்கிய இடமெல்லாம் சரணாலயம் என்பது சட்டம். இரவு நான்கு நாரைகள் வழிகாட்டி சவரிமுத்துவின் கொல்லையில் தங்கிவிட்டன. மீன்குடலை அங்கே கொட்டியவர் அவர்தான்.

"பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கா அதுகளுக்கு விருந்து?" என்றாள் மனைவி அமலி, குரலைத் தாழ்த்தி. சரணாலய எல்லைக்குள் சத்தம் போட்டால் வனக்காவலர்கள் வீட்டைவிட்டே வெளியேற்றிவிடுவார்கள்.

முன்பு வந்த இரண்டு வரன்களும் மகள் ஸ்டெல்லாவின் வெண்கலக் குரலைக் கேட்டு நழுவியவை.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் நடைபாதையில் வரிசையாக, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தார்கள். ஸ்டெல்லா காபி கொடுத்து, கேட்டதற்கெல்லாம் கிசுகிசுத்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா பூரித்துப்போய் அமலியின் காதோரம் குனிந்தார்.

"ஏன் சம்பந்தி, பொண்ணு எப்பவும் இவ்வளவு மெதுவாத்தான் பேசுமா?"