மூடி திறந்த வாசம்

குளியலறை ஜன்னலில் காலை வெயில். தையல்காரர் பாட்டில் மூடியை மெல்லத் திருக, காற்று உஸ்ஸென்று சீறி வெளியேறுகிறது. தரை கழுவுவதற்காக அவர் போட்டுவைத்த ஆரஞ்சுத் தோலும் வெல்லமும் மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறித் தேன் நிறத்துக்கு வந்திருக்கின்றன. கடையில் வாங்கும் ஆசிட் நெடி பட்டாலே அவர் மனைவிக்கு மூச்சு இழுக்கும். தரை கழுவும்போதெல்லாம் தெருவில் போய் நின்றுகொள்வாள். இன்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் எட்டிப் பார்க்கிறாள். “என்னங்க, சாராயம் கீராயம் காய்ச்சுறீங்களா?” “மோந்து பாத்துட்டுச் சொல்லேன்.” அவர் அதைத் தண்ணீரில் கலந்து தரையில் ஊற்றித் தேய்க்கிறார். ஈரத்தில் புளித்த பழவாசம் எழுகிறது. அவள் கைக்குட்டையைக் கொஞ்சம் விலக்கி மூச்சிழுக்கிறாள். சற்று நின்று, இன்னொரு முறை ஆழமாக. இருமல் வரவில்லை. அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்க்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு அவள் உள்ளே வருகிறாள். “நகருங்க. மூலையெல்லாம் அழுக்கு அப்படியே இருக்கு.”