நாலு பேருக்கு ஓர் அனுபவம்

முதலீடு செய்ய வந்திருந்த வினோதினி மேடத்திடம், சிறுசேரியின் அந்தப் புது மருந்து நிறுவனத்தின் தலைமைக் குழுவினர் நாலு பேரும் தங்கள் முப்பது வருட ஆய்வக அனுபவத்தை விவரித்தார்கள். ஒருவருக்கும் இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அது குற்றமில்லை; ரிட்டயர் ஆனவர்கள் தங்கள் தலையிலிருந்து எடுத்து விற்றுவிடும் அனுபவம் இப்போது ஊசியாகவே கிடைக்கிறது. ஆளுக்கொன்று வாங்கக் கட்டுப்படியாகாமல், நால்வரில் ஒருவனான நிறுவனர் தரணீஷ் ஒரே ஊசியை நாலாகப் பிரித்துப் போட வைத்திருந்தான் என்பதுதான் வம்பு.

நாலு பேருமே ஹைதராபாத்தில் கரண்ட் போன அன்று தடுப்பு மருந்தை மீன்கடை ஐஸில் வைத்துக் காப்பாற்றியிருந்தார்கள். அதைச் சொல்லி முடித்ததும் நாலு பேருமே மூக்கைச் சொறிந்தார்கள்.

வினோதினி யோசித்தார். தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தார்.

"வத்தக்குழம்பு எப்படி இருக்கு?"

"பிரமாதம் வினு," என்றார்கள் நாலு பேரும், தொட்டுக்கூடப் பார்க்காமல்.

தரணீஷ் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சாரி மேடம், எப்படி வாயில வந்துச்சுன்னே தெரியல."

"எனக்குத் தெரியுது. என் வீட்டுக்காரர் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வித்திருக்காரு." டப்பாவை மூடினார். "பணம் தரேன். ஆனா உங்கள்ல ஒருத்தர் பங்கை அவருக்கே திருப்பிப் போட்டுடணும்."

"வீட்டுல இருக்கறவருக்கு லேப் அனுபவம் எதுக்கு மேடம்?"

"லேப் யாருக்குப்பா வேணும்? மூணு மாசமா அந்த மனுஷன் என் குழம்பைப் பத்தி உண்மையைச் சொல்லிக்கிட்டிருக்காரு."