கறுப்புக் காரின் பின்கதவு

சாயங்காலம் மாமனார் வந்து சேர்வதற்குள் அந்தக் கீறல் மறைந்தாக வேண்டும். தோர்பென் சுவருக்கும் காருக்கும் நடுவில் குந்திக்கொண்டு பின்கதவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கார் அவனுடையது அல்ல. மருமகனை அதுவரை தொடக்கூட விடாத மாமனார் ஹின்ரிக்கின் கறுப்புக் கார். மகளோடு தீவுக்குக் காற்று வாங்கக் கிளம்பும்போது, என்ன தோன்றியதோ, வீட்டுச் சாவியோடு கார் சாவியையும் இவன் கையில் வைத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றார். மாமா நம்மையும் ஒரு மனுஷனாக மதித்துவிட்டார் என்று தோர்பென் பூரித்துப் போயிருந்தான்.

அந்தப் பூரிப்பு நேற்றுக் கடை வாசலோடு போயிற்று. ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. எவனோ தள்ளுவண்டியால் உரசிவிட்டுப் போயிருக்கிறான் என்று வயிற்றெரிச்சலோடு காரை வீட்டுக்குக் கொண்டுவந்து, கீறல் யார் கண்ணிலும் படாதபடி சுவரோரமாக ஒட்டி நிறுத்திவிட்டான்.

"என்ன மாப்பிள்ளை, அங்கேயே குந்திட்டீங்க?"

வேலிச் செடிக்கு மேலே பக்கத்து வீட்டு அன்கேயின் தலை தெரிந்தது. அந்த அம்மாள் இவனிடம் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை. காரில் லேசாக ஒரு கீறல் என்றான் தோர்பென்.

"பின்கதவுலதானே? மேலாகத்தான் இருக்கும். தேய்ச்சா போயிடும்."

அந்த ஒரு வார்த்தையில் அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. அவளிடம் பாலிஷ் போடும் மெஷின் இருந்தது, பசை இருந்தது, விளக்குகூட இருந்தது. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தே விட்டாள்.

தோர்பென் தயங்கினான். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஓய்வு நாளில் அந்தத் தெருவில் ஆணி அடித்தாலே குற்றம். போன கோடையில் ஹின்ரிக் ஞாயிறன்று புல் வெட்டியதற்குப் போலீஸைக் கூப்பிட்டவளே இந்த அன்கேதான்.

"சத்தம் கேட்டு யாராவது புகார் பண்ணிட்டா, அக்கா?"

"இந்தத் தெருவுல புகார் பண்றவ நான் ஒருத்திதான். இன்னைக்கு எனக்கு லீவு."

காரை முற்றத்தின் நடுவுக்கு நகர்த்திக் கழுவித் துடைத்தார்கள். கீறலை நகத்தால் வருடிப் பார்க்கச் சொன்னாள். நகம் மாட்டினால் பட்டறைக்குத்தான் போக வேண்டுமாம், வழுக்கிக்கொண்டு போனால் வீட்டிலேயே முடிந்துவிடுமாம். நகம் வழுக்கியது.

தோர்பென் ரொட்டிக்கு ஜாம் தடவுவதைப் போலத் தாராளமாகப் பசையை அப்பி, மெஷினைக் கதவில் வைப்பதற்கு முன்பே பொத்தானை அழுத்திவிட்டான். தரை, சட்டை, அன்கேயின் மூக்குக்கண்ணாடி என்று பசை தெறிக்காத இடம் இல்லை. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாளே தவிர, ஒரு வார்த்தை திட்டவில்லை. என்ன தங்கமான மனசு என்று அவன் உருகிப் போனான்.

கொஞ்சம் கொஞ்சம் இடமாக எடுத்துத் தேய்க்க வேண்டும், அழுத்தக் கூடாது, மெஷினின் கனமே போதும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். முதல் சுற்றில் கீறல் போய், அந்த இடமே புகை படிந்தது போல மங்கிவிட்டது. தோர்பெனுக்கு அழுகை முட்டியது. இன்னும் மெத்தென்ற பஞ்சையும் நைஸான பசையையும் கொடுத்து மறுபடி ஓட்டச் சொன்னாள். துடைத்துவிட்டு விளக்கைப் பிடித்தபோது கதவு கண்ணாடியாக மின்னியது.

மின்னியதுதான் வம்பாயிற்று. அதன் பக்கத்தில் முன்கதவு பத்து வருஷம் மூத்ததாகத் தெரிந்தது.

"ஒரு கதவு மட்டும் பளபளன்னு இருந்தா காட்டிக் கொடுத்துடும். முழுசா பண்ணிடுங்க" என்றாள் அன்கே.

மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து முழுக் காரையும் தேய்த்து முடித்தான். தோள் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போல இருந்தன. அவள் வீட்டுக்குப் போய்க் காபியும் ஆப்பிள் கேக்கும் கொண்டுவந்த நேரத்துக்கு ஹின்ரிக்கின் டாக்ஸி வந்து நின்றது.

கிழவர் பெட்டிகளை இறக்கும் வேலையை மகளிடம் விட்டுவிட்டார். நேரே இடது பின்கதவுக்குப் போனார். குனிந்து பார்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார், கையால் தடவியும் பார்த்துவிட்டார்.

"மாப்ளே, இங்க இருந்த கீறல் எங்க?"

மாமாவுக்கு எப்படித் தெரியும் என்று தோர்பெனுக்கு விளங்கவில்லை. கடை வாசல், தள்ளுவண்டி என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினான். ஹின்ரிக்கின் முகம் பீட்ரூட் போலச் சிவந்தது.

"அது நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே விழுந்த கீறல்டா. இதோ நிக்கிறாளே, இவ குப்பைத் தொட்டிய இழுத்துட்டுப் போகும்போது போட்டது. கேட்டா, நான் இல்லவே இல்லைங்கிறா. போட்டோ எடுத்தா கறுப்பு பெயிண்ட்ல வானந்தான் தெரியுது, கீறல் தெரியல. நாளைக்குக் காலையில ஊர் மத்தியஸ்தர் நேர்ல வந்து பார்க்கிறதா இருந்தார். அதுவரைக்கும் இவ கை படாம இருக்கணும்னுதான் சாவிய உன்கிட்ட கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னா நீ உளறிடுவேன்னு சொல்லல."

சாவி வந்த காரணம் தெரிந்ததும் தோர்பெனின் மிச்சப் பூரிப்பும் போயிற்று. தன்னையும் மாமாவையும் தவிர, கீறலைக் கண்ணால் பார்த்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவளையே திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, ஒரு சாண் இருந்துச்சேக்கா... நீங்களாவது சொல்லுங்க."

அன்கே நிதானமாக ஒரு துண்டு கேக்கை வெட்டி அவன் தட்டில் வைத்தாள்.

"எந்தக் கீறல்?"