பச்சடிக்கு வந்த வெங்காயம்

போன ஈஸ்டர் முடிந்த வாரம் எமில்டா என்கிற பெண் எனக்குச் சொன்ன கதை இது. அவர் மகள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறக் கிடந்தாள். பச்சைக்கோழியில் இருக்கும் சால்மோனெல்லா கிருமி என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஒரு வீட்டில், கோழி நறுக்கிய பலகையை ஈரத்துணி ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தது. உடனே பச்சடிக்கு உரித்த வெங்காயத்தை அதன்மேல் வைத்தார்கள்.

"அண்ணே, கோழித் தண்ணி இன்னும் பிசுபிசுங்குதே. சோப்புப் போட்டுக் குளிச்சா என்ன?" என்றது வெங்காயம்.

"மஞ்சள் போட்டுக் கழுவின கோழிடா! ஊரையே அழவைக்கிறவன் நீ, நீயே அழுதா எப்படி?" என்று பலகை சிரித்தது.

"கோழி அடுப்புல கொதிச்சிடும். நான் பச்சையாத்தானே தயிர்ல விழப்போறேன்?"

"அதான் நான் துடைச்சாச்சுல்ல!" என்று துணி அதட்டியது.

குழம்பு யாரையும் ஒன்றும் செய்யவில்லை. பச்சடியை ஆசையாக அள்ளித் தின்ற குழந்தைக்கு மறுநாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். ஐஸ்தான் காரணம் என்று அப்பா தெருவில் இறங்கி, ஐஸ் விற்கிற சூசையின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"குழந்தைக்கு நான் கெட்டதைக் கொடுப்பேனா சார்?" என்று அழுத சூசை அப்புறம் அந்தத் தெருவுக்கு வரவேயில்லை.

சுவரில் சாய்ந்திருந்த பலகை, "நல்லவேளை, ஐஸ்காரன் அகப்பட்டான்" என்றது துணியிடம்.

கதையை முடித்த எமில்டா தலை நிமிராமல் மகளின் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

அந்தக் குழந்தைக்காக இன்று ஒரு ஜெபம் சொல்லுங்கள். ஐஸ்காரருக்காகவும் ஒன்று.